ஒரு பேர் அங்கே கிடக்கட்டும்

1

ஜனவரி மாதத்தின் கடைசி நாளில் எங்கள் வேலையிடத்துச் சமையலறையில் கேக் வெட்டுவோம். யாருக்கும் பிறந்தநாள் கிடையாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நாள் அது. கேக்கைச் செய்துகொண்டு வருகிறவர் ப்ரெண்டா. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்து முதியோர் இல்லத்தில் அவர் பெரிய சமையல்காரி, நான் அவருக்குக் கையாள். அவர் வெளியேற வேண்டும் என்று வாக்குப் போட்டவர், நான் இருக்க வேண்டும் என்று போட்டவள். ஆனாலும் அந்தக் கேக்கை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. எலுமிச்சம்பழம் போட்டு அவ்வளவு நன்றாகச் செய்வார்.

இந்த வருடம் கேக்கை வெட்டும்போதே ப்ரெண்டா தொடங்கிவிட்டார். வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டுமாம். மூன்றரை வருடம் இழுத்தடித்து, பிறகு இடைக்காலம் என்று பதினொரு மாதம் வைத்து, அதற்கு அப்புறமும் இந்தச் சாமானுக்கு இப்போது சோதனை, அந்தச் சாமானுக்குப் பிறகு சோதனை என்று தவணை சொல்லி, கடைசியில் எப்போது போனோம் என்றே யாருக்கும் தெரியாமல் ஆக்கிவிட்டார்களாம். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே எதிர்க்கட்சியாகப் பேசினேன். நாற்பத்தேழு வருடம் கூட்டுக்குடித்தனம் நடத்திய வீட்டை விட்டு ஒரே காலையில் கிளம்ப முடியுமா, மெதுவாகப் போனால்தானே எதையும் மறக்காமல் போகலாம் என்றேன்.

ப்ரெண்டா தன் தம்பியின் கதையைச் சொன்னார். அவர் ஒல்லாந்திலிருந்து பூச்செடி நாற்றுகளை இறக்கி விற்றவர். வெளியேறினோமா இல்லையா என்று தெரியாத அந்த வருடங்களில், அடுத்த வசந்தகாலத்துக்கு எத்தனை பெட்டி கேட்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு திகதி சொன்னார்கள், தள்ளிப்போட்டார்கள். இன்னொன்று சொன்னார்கள், அதையும் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவது தடவை மனிதர் கண்ணாடிக் கூடாரத்தைப் பூட்டிவிட்டு லொறி ஓட்டப் போய்விட்டார். போனதால் அவன் கெடவில்லை, காத்திருந்துதான் கெட்டான் என்றார் ப்ரெண்டா. தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பாட்டு. மகள் ஷெரினுக்குப் பதினாறு வயது. பள்ளியில் அரசியல் பாடம் எடுத்திருக்கிறாள். ஒரு நாடு தான் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பை விட்டுப் படிப்படியாக விலகுவது நல்லதா, ஒரேயடியாக விலகுவது நல்லதா என்று கட்டுரை எழுத வேண்டுமாம். அதற்கு வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டுமாம். இத்தாலியில் பிறந்து இங்கே வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் இத்தாலியர் மாதிரி ஏற்றி இறக்கி, கைகளாலும் பேசுவாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, நான் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

மெதுவாகப் போகிற பக்கம் என்றேன். காரணம் கேட்டாள். எனக்கு நன்றாகத் தெரிந்த விலகல் எங்கள் வீட்டு விலகல் ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

2

இலங்கையின் மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு விலக எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்ட காலம் இருபத்தைந்து வருடம். முதலில் கழன்றவள் நான். இருபத்தாறு வயதில் சூசையைக் கட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போனேன். அவர் ஏற்கெனவே அங்கே வீடுகள் துடைத்துக்கொண்டிருந்தார், நானும் போய்த் துடைத்தேன். அடுத்து தம்பி கொழும்புக்குப் போனான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். பதினொரு வருடத்துக்கு முன் அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்து நகரமான ஹட்டனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சேர்ந்தார். அவருடைய ஒரே மகள் கவிதா படித்து ஆசிரியையாகி அவளும் ஹட்டனுக்குப் போனாள். இப்படி ஒவ்வொருவராகக் கழன்ற பிறகு செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் பதிவில், எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஆள். அண்ணனின் மனைவி, எங்கள் ரெஜினா அண்ணி.

ஒரு பேர் ஏன் மிஞ்ச வேண்டும் என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஓர் அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் அதில் நாம் இருக்கலாம். எங்காவது எழுதி வைத்த சட்டமா என்று நான் பார்த்ததில்லை, எங்கள் தோட்டத்தில் வழக்கம் அப்படி. ஆகவே எல்லாரும் வெளியே போகலாம், ஒருவர் மட்டும் கொழுந்துக் கூடையோடு நின்றுகொள்ள வேண்டும். இதில் அரசாங்கத்திடமிருந்து குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவில் சொந்தக் காணியும் வீடும் வருகிறது, வருகிறது என்ற பேச்சு வேறு. வருகிற அன்றைக்குப் பேர் இல்லாமல் போனால் என்ன செய்வது? அதனால் எங்கள் வீட்டில் யார் பெட்டி கட்டினாலும் மற்றவர்கள் சொல்வது ஒன்றுதான். ஒரு பேர் அங்கே கிடக்கட்டும்.

இந்தப் புத்தி கடல் தாண்டியும் என்னை விடவில்லை. இத்தாலியில் குடியுரிமை கேட்கும் காலம் வந்தபோது சூசை விண்ணப்பித்தார், நான் மாட்டேன் என்றுவிட்டேன். இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை கழன்றுவிடும், தனியாகக் கேட்டு வாங்கினால்தான் இரண்டும் நிற்கும். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களிடமிருந்து ஒரு காலத்தில் பறித்து, பிறகு வரிசையில் நிற்க வைத்துத் திருப்பிக் கொடுத்த குடியுரிமை அது. அதை நானாகக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை. சூசை இத்தாலிக்காரர் ஆகட்டும், ஒரு பேர் அங்கே கிடக்கட்டும் என்று நான் இலங்கைக்காரியாகவே இருந்தேன். நகரசபையில் இருந்த அம்மாள் ஏன் என்று கேட்டார். ஊரில் எங்கள் காம்பரா போய்விடும் என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் விளக்கினேன். அவர் எனக்கு அங்கே பெரிய மாளிகை இருப்பதாக நினைத்துக்கொண்டு அன்றிலிருந்து எழுந்து நின்று பேசினார்.

இதன் வேடிக்கை இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பில் ஐரோப்பியரான சூசைக்கு வாக்கு இல்லை. ஆங்கிலேயர் ஆண்டுவிட்டுப் போன நாட்டுக்காரி என்ற முறையில் எனக்கு இருந்தது. உன் தாத்தனுக்கு அவன் நாட்டிலேயே வாக்கு இல்லை, உனக்கு மட்டும் ஊர் ஊராக வாக்கு என்று சூசை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் சிரிக்கும் காலமும் வந்தது. நாடு வெளியேறியதும் அவரும் ஷெரினும் கைப்பேசியில் கடவுச்சீட்டைக் காட்டிச் சில நாட்களில் இங்கே தங்கும் உரிமையை வாங்கிவிட்டார்கள். நான் புருசனின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள். எனக்கு வேறு படிவம், வேறு வரிசை. பிறப்புச் சான்றிதழில் நான் வெறும் புஷ்பம். கடவுச்சீட்டில் அப்பாவின் பேர் முன்னால் நிற்கும். இத்தாலிக்காரர்கள் அதைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். திருமதி அருளப்பன் யார், திருமதி சூசை யார் என்று தொலைபேசியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார். அருளப்பன் என் அப்பா, சூசை என் புருசன், இரண்டு பேருமே திருமதி இல்லை என்று நானும் பொறுமையாகச் சொன்னேன்.

கல்யாணப் பதிவின் புதிய பிரதி வேண்டும் என்றார்கள். யாரைக் கேட்பது? ஊரில் இருக்கிற ஒரே ஆள் அண்ணிதான். அவர் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு, மலை இறங்கி, பஸ் ஏறி, ஒவ்வொரு மேசையிலும் சிங்களத்தில் விளக்கம் சொல்லி அதை எடுத்து அனுப்பினார். இடைக்காலம் என்று ஒன்று இருந்ததால் அது வந்து சேரும்வரை எனக்கு நேரம் கிடைத்தது. ப்ரெண்டா கேட்டபடி மறுநாள் காலையிலேயே கதவைச் சாத்தியிருந்தால் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேனோ தெரியாது. மெதுவாகப் போவது நல்லது என்று நான் சொல்வது சும்மா இல்லை என்றேன் மகளிடம்.

3

ஷெரின் எல்லாவற்றையும் பதிந்துகொண்டு, மெதுவாகப் போனதால் கெட்டவர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். கட்டுரைக்கு மறுபக்கமும் வேண்டுமாம். எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பாவின் தம்பி அவர், எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா. இந்தியாவும் இலங்கையும் எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டதில் அப்பா இலங்கைப் பக்கமும் சித்தப்பா இந்தியப் பக்கமும் விழுந்தார்கள். எல்லாரையும் ஒரே நாளில் கப்பல் ஏற்ற முடியாது, படிப்படியாகத்தான் அனுப்புவார்கள். சித்தப்பா இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தது. போகப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று அடைக்கவில்லை. மழைக்காலத்தில் சித்தி வீடு முழுக்கச் சட்டி வைப்பார், நாங்கள் பிள்ளைகள் போய் எந்தச் சட்டி முதலில் நிரம்பும் என்று பந்தயம் கட்டுவோம். மற்ற வீடுகளின் வாசலில் எல்லாம் கொடி படர்ந்து காய்க்கும், சித்தி வீட்டு வாசல் மட்டும் மொட்டை. மகனைப் பள்ளியில் சேர்க்கவில்லை, அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தகரப் பெட்டி கட்டியபடியே இருக்கும். கோவிலுக்குப் போக நல்ல சட்டை வேண்டுமென்றால் அவிழ்ப்பார்கள், வந்ததும் மடித்து வைத்துத் திரும்பக் கட்டுவார்கள்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றுபோனது. நாட்டில் சண்டை தொடங்கியிருந்தது. சித்தப்பா போகவே இல்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இலங்கையர்தான் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கூரையை அடைத்தார். மகன் அப்போது வளர்ந்து ஆளாகி, கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

ஷெரின் ஒலிப்பதிவை நிறுத்தினாள். அவர்களுக்கு ஒரு திகதி சொல்லவில்லையா என்று கேட்டாள். அவருக்கென்று ஒரு நாளை யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் தன் கட்டுரையின் முடிவை அங்கேயே எழுதினாள். மெதுவாக விலகலாம், ஆனால் கடைசித் திகதி முதலிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பேர் விலகல் இல்லை, காத்திருத்தல். என் மகள் இவ்வளவு கெட்டிக்காரியா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எழுந்து போகும்போது, "அப்ப ரெஜினா அத்தைக்கு எந்த டேட், அம்மா?" என்று கேட்டாள்.

சோறு ஆறுகிறது, கையைக் கழுவிக்கொண்டு வா என்றேன்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஹட்டனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. அண்ணி மாதக் கடைசியோடு தோட்டத்தில் பேரை எடுத்துவிடப் போகிறாராம். அடுத்த லயத்து லெட்சுமியும் அவரும் சேர்ந்து நோர்வூட் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை பேசிவிட்டார்கள். மார்ச் முதலாம் திகதி திறப்பு. அன்றைக்கு அண்ணி வராவிட்டால் லெட்சுமி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார், கடையின் சொந்தக்காரர் அதற்கு மேல் பொறுக்க மாட்டார்.

நல்ல விசயம்தானே என்று வாயில் வந்தது. அதற்குள் அண்ணன் மற்றதைச் சொன்னார். காணிப் பட்டியல் இந்த வருடக் கடைசிக்குள் வரும் என்று திரும்பவும் பேச்சு அடிபடுகிறதாம். இத்தனை வருடம் பொறுத்தவள் இன்னும் பத்து மாதம் பொறுக்கக் கூடாதா என்றார். கொழும்பிலிருந்து தம்பியும் அழைப்பில் சேர்ந்தான். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நாம் எல்லாரும் எங்கே கூடுவது, அப்பா அம்மா படம் எங்கே மாட்டுவது, என் இலங்கை அடையாள அட்டையில் இருக்கிற விலாசம் என்ன ஆவது என்று அடுக்கினான். அவன் தோட்டத்துக்கு வருவது வருடத்துக்கு இரண்டு நாள். வந்தால் அட்டை கடிக்கிறதென்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வான்.

சிரிப்பாக இருந்தாலும் நானும் அவர்கள் கட்சிதான், அதை மறைக்க மாட்டேன். இங்கே பேரங்காடியில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நான் மனதுக்குள் முதலில் பார்ப்பது அந்தக் காம்பராவின் நீலக் கதவைத்தான். ஷெரினுக்கு அது என்ன, கைப்பேசியில் இருக்கும் ஒரு படம். அதுவும் இல்லாமல் போனால் நான் அவளுக்கு எதைக் காட்டுவேன் என்று பயமாக இருந்தது.

மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அண்ணியைச் சமாதானம் செய்ய வேண்டும். யார் சொன்னால் கேட்பார்? புஷ்பம் சொன்னால் கேட்பார் என்றார் அண்ணன். வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து கேட்கிற நாத்தனாருக்கு யார்தான் மாட்டேன் என்பார்கள் என்பது அவர் கணக்கு. பிப்ரவரி நடுவில் ஷெரினுக்கு ஒரு வார விடுமுறை இருந்தது. சூசைக்கு விடுமுறை கிடைக்கவில்லை, அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ப்ரெண்டாவிடம் காரணத்தைச் சொன்னதும் அவர் இன்னொரு எலுமிச்சம்பழக் கேக் செய்து, அதை ஒரு டப்பாவில் போட்டு அண்ணிக்கு என்று கொடுத்தார். விமான நிலையம் போகும் வழியிலேயே ஷெரின் அதைத் தின்று தீர்த்தாள்.

5

தம்பி கொழும்பிலிருந்து வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனான். பொல்பிட்டியவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், அண்ணியிடம் என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று வளைவுக்கு வளைவு பாடம் எடுத்தான். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பின்னால் ஷெரின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தூங்கிவிட்டாள்.

அண்ணி மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். அவர் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். செங்குத்தான இடத்தில் அவர் நடந்து இறங்கவில்லை. உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒரு படி நகர்ந்து, திரும்பவும் கையை ஊன்றி இறங்கினார். முழங்கால் வலி என்று தொலைபேசியில் சொல்வார், எல்லாருக்கும் இருப்பதுதானே என்று நானும் தைலம் வாங்கி அனுப்புவேன். இப்படி என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயது, என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு.

வீட்டில் அவர் முழங்காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, எங்களுக்கு ரொட்டி சுட்டார், சம்பல் அரைத்தார். ஷெரினுக்கு எவ்வளவு உயரம் என்று கதவு நிலையில் நிறுத்திப் பார்த்தார். கடையைப் பற்றிக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. நோர்வூட்டில் பலகைக்கு நீலச் சாயம் அடித்தாகிவிட்டதாம். காலையில் ரொட்டியும் கடலையும், மத்தியானம் சோறு, முதல் பஸ்காரர்களுக்குப் பிளேன்டீ. உட்கார்ந்து வேலை செய்ய ஓர் உயர நாற்காலி சொல்லியிருக்கிறாராம். அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார்.

தம்பி என்னைப் பார்த்துப் பார்த்துச் செருமிக்கொண்டிருந்தான். அவனை ஷெரினோடு கோவிலைப் பார்த்துவர அனுப்பிவிட்டு, நான் இஸ்தோப்புத் திண்ணையில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை ஒப்பித்தேன். காணி வரப்போகிறது, பத்து மாதம்தான், அதுவரை மெதுவாக, ஒவ்வொன்றாக. பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அண்ணி கோபப்படவில்லை. துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"நீங்க எல்லாரும் மெதுவாத்தான் போனீங்க, புஷ்பம். நல்லதுதான். ஆனா நீங்க மெதுவா போறதுக்கு ஒரு ஆளு இங்கயே நிக்க வேண்டியிருந்துச்சு."

அவரே தொடர்ந்தார். காணிப் பேச்சு கவிதா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஒவ்வொரு வருடக் கடைசிக்கும் வந்துகொண்டிருக்கிறது. வந்தால் சந்தோசம்தான். ஆனால் வீட்டுக்காரரோடும் கொழுந்தனோடும் சண்டை பிடித்துக்கொண்டு கடை திறக்க அவருக்குத் தெம்பு இல்லை. எல்லாரும் சேர்ந்து இரு என்றால் இருந்துவிடுவார். பலகையில் லெட்சுமி பேர் மட்டும் இருக்கும்.

"காலையில பெரட்டுல கண்டாக்கு கேப்பாரு, பேர எடுக்கவா வேணாமான்னு. நீ கூட வந்து நில்லு. நீயே சொல்லிரு."

6

பெரட்டுக்களம் என்பது காலையில் வேலையாட்களைக் கூட்டி, யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடும் இடம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க அங்கே ஓடியதோடு சரி, பிறகு நின்றதில்லை. பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் தலையில் கூடைக் கயிற்றோடு வரிசையாக நின்று, என் குளிர்ச்சட்டையையும் சப்பாத்தையும் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். விசயம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இரவு முழுக்க யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன். அண்ணி இந்த மாதத்தோடு நின்றுகொள்ளட்டும், காம்பராவை மட்டும் ஆறு மாதம் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள், அதற்குள் ஒரு வழி செய்கிறோம். பிரித்தானியாவுக்கே பதினொரு மாதம் கொடுத்தார்கள், எங்களுக்கு ஆறு கிடைக்காதா என்ற நப்பாசை.

அவர் தலையைச் சொறிந்தார். பேர் இல்லாத காம்பராவை வைத்திருக்கத் தன்னால் முடியாது, பின்னால் இரண்டு குடும்பம் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு காத்திருக்கிறது என்றார். ஆனால் அண்ணியே இன்னும் ஆறு மாதம் வேலைக்கு வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, பேர் பாட்டுக்கு இருக்கும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்காக வேறு யாராவது பேர் பதிய வேண்டும்.

"சொல்லுங்க அக்கா. வீட்டுல வேற யாரு இருக்கா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு நின்றார், நான் என்ன சொன்னாலும் அதன்படி நடக்கத் தயாராக. இன்னும் கொஞ்சம் பொறுங்க அண்ணி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மலைக்கு ஏறியிருப்பார். காம்பரா இருந்திருக்கும். நத்தார் இருந்திருக்கும். என் விலாசம் இருந்திருக்கும். ஹட்டனிலும் கொழும்பிலும் இருவர் நான் அதைச் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். எனக்கு ஊர் போகிறதே என்று அழுகை வந்தது, இவ்வளவு காலம் அந்த ஊரை யாருடைய காலில் நிறுத்தி வைத்திருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"யாரும் இல்லீங்க," என்றேன். "எங்க வீட்டுல இனி யாரும் இல்ல. மாசக் கடைசிக்கு எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அந்த மாதத்தில் மிச்சம் இருந்த நாட்களுக்கு அண்ணிக்கு இறக்கம் இல்லாத மலையாகப் பார்த்துக் கொடுத்தார், அது அவருடைய நல்ல மனசு. மலைக்குப் பிரியும் பாதைவரை நானும் ஷெரினும் கூடவே நடந்தோம். பாதை பிரியும் இடத்தில் அண்ணி நின்று, என் குளிர்ச்சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"இத பதினோரு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தீன்னா, மொழங்காலாவது மிஞ்சியிருக்கும், புஷ்பம்," என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கூடையோடு ஏறத் தொடங்கினார்.